வீணாய்ப் போன சூடு

"ஒரு மாதிரி முடிஞ்சிது, நிப்லா." மில்லிலிருந்து மழையில் நனைந்து வந்த றினாஸ் கதிரையில் சாய்ந்தான்.

"என்ன முடிஞ்சிது?" சாயம் போட்ட நூலைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"நெல் அவிக்கிற பொயிலர்தான் புள்ள. வீணாப் போற புகைச் சூட்டப் புடிச்சி, உள்ள போற தண்ணியச் சூடாக்கிற மாதிரி டிசைன் பண்ணினனே. இந்தக் கிழமை ஓட்டிப் பாத்தம். அடுப்புல எரிக்கிற உமில கால்வாசி மிச்சம். இனி ஒரு பொட்டுச் சூடும் வெளிய போகாது!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் அலுப்போடு. "எனக்கு இந்த நூல் காயுதில்ல. வெள்ளிக்கு முன்ன நெய்யாட்டி சாறி ஓடர் கைவிட்டுப் போயிரும்."

"மாரி மழ என்ன புதிசா? போன வருசம் எப்பிடிக் காயவெச்ச?"

"நம்மட வளவுக்குப் பின்னால, மில்லுப் புகைக்கூட்டுச் சுவர்லதான். எந்த மழையிலயும் தோசைக்கல்லு மாதிரிச் சுடும். இப்ப நாலஞ்சு நாளாப் பச்சத்தண்ணியாக் குளிருது."

றினாஸ் ஈரச் சட்டையின் பொத்தானைக் கழற்றாமல் அப்படியே இருந்தான்.

"இஞ்சேருங்க," என்றாள் நிப்லா. இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க செஞ்ச பொயிலர் வேல செய்யல்ல போல. மில்லுக்கார ஆஜியார் ஏசிறத்துக்கு முன்ன போய்த் திருத்திருங்க."