நூலோட்டம்

இடது கால் ஷூவில் ரிப்பனுக்கு நூலோட்டி மட்டும் வைத்திருந்தேன், அழுத்தித் தைக்கவில்லை. இது எனக்கு நினைவு வந்தபோது கடைசி அங்கத்துக்குத் திரை மேலே போய்க்கொண்டிருந்தது.

மேடையில் என் மனைவி அதே ஷூவைப் போட்டுக்கொண்டு விரல் நுனியில் நின்றாள்.

இத்தனை வருடம் பின்வரிசையில் பத்தோடு பதினொன்றாக ஆடியவள். இன்றுதான் முதன்முறையாக நாயகி வேஷம். விழுந்தால் திரும்பவும் பின்வரிசை. மூட்டு போனால் அதுவும் இல்லை.

பாலே ஷூ கடையிலிருந்து வரும்போது ரிப்பன் இருக்காது. ஆடுகிறவர்களே தைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. கல்யாணமான புதிதில் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவள் ஆட்டத்தில் எனக்கென்று இருக்கும் பங்கு அது ஒன்றுதான். நான் ஆடினால் வீடு தாங்காது.

ரிப்பன் நகராமல் இருக்க முதலில் நூலோட்டிக்கொள்வேன். இழுத்தால் கையோடு வந்துவிடும். அதன்மேல்தான் இரட்டை நூல் கோத்து அழுத்தித் தைப்பது. காலையில் வலது கால் முடிந்தது. இடது காலுக்கு நூலோட்டிய நேரம் பார்த்து என்னிடம் கார் ஓட்டப் படிக்கிறவர் போன் செய்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தைத் திருப்புவதா, கண்ணாடியைப் பார்ப்பதா என்று சந்தேகம். அவருக்கு ஒரு பாடமே நடத்திவிட்டு வந்தால், ஷூ பைக்குள் போய்விட்டது, பையோடு அவளும் கிளம்பிவிட்டாள்.

தைத்து முடித்தாயிற்று என்றே நானும் இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பயிற்சி காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மேடையில் அவள் தாவும்போதெல்லாம் என் கால் தானாக அதைத் தேடி அழுத்தியது. அழுத்தியது முன்னிருக்கையின் முதுகை. அதில் இருந்தவர் திரும்பி முறைத்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் மறுபடி தாவிவிட்டாள். மறுபடி முறைத்தார்.

எழுந்து ஓடலாமா?

ஓடி? நான் இருந்தது வரிசையின் நட்ட நடுவில். அத்தனை முழங்கால்களையும் தாண்டி மேடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தாலும் யாரிடம் சொல்வது? ஆடிக்கொண்டிருக்கிறவளை நிறுத்தி, கொஞ்சம் காலை நீட்டு என்று ஊசியோடு உட்கார முடியுமா?

கூட்டம் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தது. நான் கணுக்காலை மட்டும் பார்த்தேன். அந்தத் தூரத்தில் தையல் தெரியாது. தெரிகிற மாதிரியும் இருந்தது. ஒரு முனை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதோ? இல்லை, நிழல். இல்லையில்லை, ரிப்பன்தான்.

இளவரசன் வேஷக்காரன் அவளை இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். அப்படியே வைத்துக்கொள்ளப்பா, கீழே விட்டுவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். உலகத்தில் எந்தப் புருஷனும் இன்னொருத்தனிடம் இப்படிக் கெஞ்சியிருக்க மாட்டான். அவன் இறக்கிவிட்டான்.

"என்ன மாப்பிள்ளை, கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி தவிக்கிறீங்க?" என்றார் பக்கத்தில் இருந்த மாமியார்.

அடுத்தது சுழற்சி. நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அதைப் பழகிப் பழகி எங்கள் கூடத்தில் ஓர் இடத்தில் தரையே தேய்ந்துவிட்டது. அந்த ஒற்றைக் கால், இடது கால்.

என்னால் முடியவில்லை. மாமியார் காதில் எல்லாவற்றையும் கொட்டினேன். போன், நூலோட்டம், பை. பாதி வார்த்தை உள்ளே போனது, பாதி வெளியே வந்தது.

நெஞ்சில் கை வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அட, இதுக்கா? நீங்க தைச்சதை அவ என்னைக்கு அப்படியே போட்டுக்கிட்டா? எங்க வீட்டுக்கு வந்து பிரிச்சுட்டு, தானே தைச்சுக்குவா. இன்னைக்கும் தைச்சுட்டுத்தான் போனா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்றதில்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலை மடக்கிக்கொண்டேன். கழுத்து வேர்வையைத் துடைத்தேன். நல்ல வேளை, நல்ல வேளை என்று வாய்விட்டே சொன்னேன். முன்னிருக்கைக்காரர் இப்போதும் திரும்பினார். அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த 'என்னைக்கு' எனக்குக் கேட்டது.

அப்படியென்றால் இன்றைக்கு மட்டும் இல்லை. விரலில் குத்திக்கொண்டு நான் தைத்து, எப்படி இருக்கு பார் என்று நீட்டிய ஒவ்வொரு ஜோடியும். உன் கைராசி என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு அவள் வாங்கிக்கொண்ட ஒவ்வொன்றும். ஆட்டம் இருக்கிற நாளில் அம்மாவைப் பார்க்காமல் மேடை ஏற மாட்டாள். எவ்வளவு பாசம் என்று நண்பர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மேடையில் அவள் சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கைதட்டல் கூடிக்கொண்டே போனது. மாமியார் எழுந்து நின்றுவிட்டார். முன்னிருக்கைக்காரரும் எழுந்தார். நானும் எழுந்தேன், கணுக்கால் மறைந்துவிட்டதே என்று. எட்டிப் பார்த்தேன். ரிப்பன் இம்மிகூட நகரவில்லை.

அவ்வளவு நேரம் அவிழக் கூடாது, அவிழக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவன் நான். கடைசிச் சுற்றுக்கு அவள் கைகளை விரித்தபோது, கொஞ்சம் அவிழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.