பார்வதத்தின் சேனல்

"இந்த சவுண்ட் கார்டு டிரைவர் சாஃப்ட்வேர்தான் சேனலை மாத்திப் போடுது. உன் மைக்குல அடுத்தவங்க குரல்தான் லேசா கேக்குது" என்று மனைவி பார்வதத்திடம் அலுத்துக்கொண்டார் ராமானுஜம். திருக்கழுக்குன்றம் கோயில் விழாவுக்காக அவளும் தோழிகளும் சேர்ந்து பாடியதை, ஆளுக்கொரு மைக், மைக்குக்கொரு சேனல் என்று வைத்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் பதிவு செய்திருந்தார்.

நான்கு நாள் டிரைவரோடு மல்லுக்கட்டிவிட்டு, "எங்கே, ஹலோ சொல்லு" என்றார்.

அவள் சொன்னதும் திரையில் அவளுடைய சேனலிலேயே ஒலிக்கோடு துள்ளியது.

"சரியாத்தானே இருக்கு! அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கு நான் பாடலீங்க. கல்யாணமான புதுசுல என் குரல் சகிக்கலைன்னு சொன்னீங்களே, அப்போலேருந்து கூட்டத்துல வாயை மட்டும்தான் அசைக்கிறேன்."

அப்படிச் சொன்னது அவருக்கு நினைவிலேயே இல்லை.

"இப்பப் பாடேன், பார்வதம்."

"இனிமே எதுக்குங்க?" என்றபடி அவள் மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.