வேலிக்குப் போட்ட தையல்

கொடி படர்ந்த கம்பிவேலியின் ஓட்டைக்கு முன்னால் தையல்காரர் குந்தியிருக்கிறார். வெயில் பிடரியைச் சுடுகிறது. பக்கத்து வீட்டு நாய் தக்காளிப் பாத்தியைக் கிளறியது இன்றோடு நாலாம் நாள். கட்டுக்கம்பியை நெருக்கி நெருக்கித் தைக்கிறார். கடைசி முடிச்சைப் பழக்கதோஷத்தில் கடிக்கப்போய்ப் பல் கூசுகிறது. "இனி ஒரு எலி வரட்டும், பாத்துக்கலாம்!" என்று வேலிக்கு அப்பால் கேட்கும்படியே சொல்கிறார். அங்கே சாப்பாட்டுத் தட்டைத் தட்டும் சத்தம். "அண்ணே, எங்க நாயப் பாத்தீங்களா?" பக்கத்து வீட்டுக்காரியின் குரல். முதுகுக்குப் பின்னால் தக்காளி இலைகள் சலசலக்கின்றன. சூடான மூச்சொன்று அவர் முழங்கையில் படுகிறது. திரும்பாமலே, "இல்லையேம்மா" என்கிறார். எஜமானியின் குரல் கேட்ட வால், பக்கத்துத் தகரவாளியில் டங் டங்கென்று அடிக்கிறது.