படகை விட்டு இறங்கியவர்கள்

வாடகை வீட்டைக் காலி செய்ய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் குடியிருக்கவும், முக்குளிக்கவும், மீன் பிடிக்கவும் தோதான ஒரு பழைய பாய்மரப் படகு எங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். இது நாங்கள் பார்க்கும் ஏழாவது படகு. எங்கள் கைக்கு எட்டிய விலையில் இது ஒன்றுதான் இருந்தது.

"நீங்க ஏறிப் பாருங்க. நான் இங்கேயே நிக்கிறேன்," என்றார் தரகர்.

தண்ணீரில் அலையே இல்லை. நான் கால் வைத்ததும் படகு ஒரு விரற்கடை அமிழ்ந்தது. மனைவி ஏறியதும் இன்னொரு விரற்கடை. அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. பாயில் கிழிசல் இல்லை. மனைவி அடுப்பருகே நின்று கைகளை விரித்தாள். இரண்டு பக்கமும் சுவர் இடித்தது.

"இதுல சண்டை போட்டா, கோவிச்சுக்கிட்டுப் போய் உக்கார ஒரு மூலைகூட இல்லையே. வேணாங்க."

மலிவாகக் கிடைத்ததைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நான் இறங்கியதும் படகு சற்று எழும்பியது. அவள் இறங்கியதும் மறுபடி எழும்பியது. அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாம் முறையாக எழும்பியது.

தரகர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே எட்டில் படகில் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"பரவாயில்லைங்க, பாத்துப் போங்க," என்றார்.

காரில் நான் ஏறினேன். அவள் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பப் போனபோது, பின்சீட்டுப் பக்கம் கார் மெதுவாக ஒருமுறை அமுங்கியது.