ஜீப்பும் இரண்டு சென்சார்களும்

மலைப்பாதையில் ஓடும் பழைய ஜீப் ஒன்று. அதன் கியர்பாக்ஸில், ஆயிலின் சூட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு சின்ன சென்சார் இருந்தது. ஏற்றத்தில் ஆயில் கொதித்தால் போதும், "கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிடும்.

"கண்ட வண்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போகுது. உன் நச்சரிப்பு தாங்கல" என்று ஜீப் ஒருநாள் அதன் வயரைப் பிடுங்கிவிட்டது. பேச்சற்றுப்போன சென்சார் அடுத்த மழைக்குள் துருப்பிடித்துச் செத்தது.

கியர்பாக்ஸில் கருகல் வாடை வந்தபோதுதான் ஜீப்புக்கு பயம் வந்தது. புது சென்சார் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியது. இந்த மாடலுக்கு இப்போது எதுவும் வருவதில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் காயலான் கடையில், கியர்பாக்ஸ் எரிந்து கிடந்த அதே மாடல் ஜீப்பிலிருந்து ஒரு சென்சார் கிடைத்தது.

முதல் ஏற்றத்திலேயே ஜீப் கேட்டது. "சூடாகுதா தம்பி? நீ நில்லுன்னா நிக்கிறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்க."

பாதி ஏற்றத்தில் மறுபடியும் அதே கருகல் வாடை. ஜீப் தானாகவே நின்றது.

"ஏன் தம்பி பொய் சொன்ன?"

"முன்ன இருந்த ஜீப்கிட்ட உண்மையைத்தாண்ணே சொன்னேன். வயரைப் பிடுங்கிடுச்சு."

பிறகு சென்சாரே கேட்டது.

"உங்க பழைய சென்சாருக்கு என்னண்ணே ஆச்சு?"