நான்காவது மாடி

நகர மன்றக் கூட்டத்துக்கு ஓரெஸ்ட் குசிக்கைக் கூட்டிப் போனது நான்தான்.

கனடாவின் ரெஜைனா நகரின் நடுவில், என் வீட்டுக்கு எதிரே ஒரு கார் பார்க்கிங். அங்கே இருபத்தேழு மாடிக் கட்டடம் கட்டப் போகிறார்கள். வந்துவிட்டால் என் ஜன்னலுக்கு வெயில் கிடையாது, வானமும் கிடையாது. எதிர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியிருந்தேன்.

முதியவர் ஓரெஸ்ட் தினமும் காலையில் அந்தப் பார்க்கிங்குக்கு வருவார். கார்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்ப்பார். மைனஸ் முப்பது குளிரிலும் வருவார்.

இந்த வானத்தின் மேல் என்னைவிடப் பிரியம் வைத்திருக்கும் ஆள் என்று நினைத்தேன். கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டினேன்.

"கையெழுத்து வேணாம் லொரேன். நேர்லயே வந்து பேசுறேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கூட்டத்தில் எனக்கு முன் அவர் முறை வந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

"அங்க முன்னாடி ஒரு செங்கல் கட்டடம் இருந்துச்சு. ஆறு மாடி. என் பொண்ணு டாரியா நாலாவது மாடியில குடியிருந்தா. தீப்பிடிச்சதும் ஓடி வந்தேன். ஜன்னல்கிட்ட வந்து நின்னா. என்னைப் பாத்தா. அப்புறம் ஜன்னல்ல யாரும் இல்ல."

கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

"இடிச்சுத் தள்ளிட்டு கார் நிறுத்தினாங்க. முப்பத்தொரு வருஷம் ஆச்சு. அந்த உயரத்துல வெறும் காத்துதான் இருக்கு. அதைத்தான் தினமும் பாத்துட்டு இருக்கேன்."

கூட்டத் தலைவர் மெல்லிய குரலில், கட்டடத்தை எதிர்க்கிறாரா, ஆதரிக்கிறாரா என்று கேட்டார். பட்டியலில் எதிர்ப்பவர் என்றுதான் அவர் பெயர் இருந்தது. எழுதிக் கொடுத்தவள் நான்.

"கட்டுங்க" என்றார் ஓரெஸ்ட். "சீக்கிரம் கட்டுங்க. எனக்கு எண்பத்திரண்டு ஆயிடுச்சு. அந்த நாலாவது மாடி உயரத்துல யாராவது குடிவந்து, ஜன்னலைத் திறந்து எட்டிப் பாக்கணும். நான் கீழ நிக்கும்போதே பாக்கணும்."

அவர் மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த பெயர் என்னுடையது. தலைவர் இரண்டு முறை கூப்பிட்டார்.