ஒரு மணிக்குக் கரண்ட் வரும்

“இடது கையை விட்டு வை. வேலை இருக்கு.”

போலீஸ் அதிகாரி ஊ சோ பைங் அப்படிச் சொன்னபோது என் வலது கை ஜீப்பின் பானட் மேல் இருந்தது. அதில் மூன்று விரல்கள் உடைந்திருந்தன. அவருடைய தடியை வைத்திருந்த போலீஸ்காரன் ஏமாற்றத்தோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகினான்.

காலை ஏழரை மணிச் சோதனை. யங்கோனில் எல்லோரையும் போல நானும் வீட்டைவிட்டு இறங்கும்முன் போனிலிருந்து விபிஎன்னை அழித்திருந்தேன். தடை செய்த சேனல்களைத் திறந்துவிடும் சமாச்சாரம் அது. போனில் இருந்தால் அடி நிச்சயம்.

“டிவி மெக்கானிக் போன், கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கே” என்று அதிகாரி சிரித்தார்.

பிறகு சாப்பாட்டு டப்பாவைக் கொட்டச் சொன்னார். சோற்றுக்குள் இருந்து, அதே விபிஎன்னை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவ் விழுந்தது.

“எந்தெந்த வீட்டு டிவிக்குப் போட்டுக் கொடுத்தே?”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் வாய் திறக்கவில்லை. கேள்விக்கு ஒரு விரல்.

ஜீப் ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. போலீஸ் குடியிருப்பின் வாசலில் நின்றது. மூன்றாவது மாடி வரை என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போனவர், கதவைச் சாத்தியதும் கூடத்து டிவியைக் காட்டினார். பக்கத்தில் பிரிக்காத அட்டைப் பெட்டியில் ஒரு புது டிவி பாக்ஸ்.

“இதுலயும் போடு. வேலை செஞ்சா வீட்டுக்குப் போலாம். செய்யலைன்னா ஸ்டேஷன்.”

எங்கள் தெருவிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை.

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கன்னத்தில் காயாத தனக்கா, மரப்பட்டையை அரைத்த மஞ்சள் பூச்சு.

“சீக்கிரம் ஆகட்டும். ஒன்பதுக்குக் கரண்ட் போனா ஒரு மணிக்குத்தான் வரும். பன்னிரண்டுக்கு உங்க பெரிய ஆபீசர் சாப்பிட வர்றார். சோபாவுல ரத்தம் பட்டா நான் என்னன்னு சொல்ல?”

சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு பச்சைத் துணியை நீளமாகக் கிழித்து எடுத்து வந்தார். மடிந்து தொங்கிய விரல்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். எனக்குக் கண் இருட்டியது.

“பல்லைக் கடிச்சுக்கோ, தம்பி” என்றார். குரல் மட்டும் மெதுவாக இருந்தது.

இடது கையால் ரிமோட்டைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். பதினான்கு எழுத்துக் கடவுச்சொல். தப்பான எழுத்துக்கெல்லாம் பிடரியில் ஓர் அடி விழுந்தது. ஏழாவது எழுத்தில் மூக்கு மேசையில் மோதியது.

விபிஎன்னில் நாடு: சிங்கப்பூர். பச்சை விளக்கு எரிந்தது.

கடைசியில் ஒரு டிக் உண்டு. கரண்ட் வந்ததும் டிவி எழுந்து, விட்ட இடத்திலிருந்து தானாக ஓட வேண்டும். கரண்ட் வந்துபோகும் ஊரில் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பது அதைத்தான். கை பழக்கத்தில் அதையும் போட்டுவிட்டேன்.

கொரிய நாடகம் கேட்பார், அல்லது கால்பந்து கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பிறகு என் காதருகே குனிந்து ஒரு சேனலின் பெயரைச் சொன்னார். அதைப் பார்த்ததற்காகப் போன மாதம் இதே அதிகாரி ஒரு வாத்தியாரின் பல்லை உடைத்திருந்தார்.

“நேத்து வந்த பேட்டி. தேடு.”

தேடினேன். திரையில் காடு. தோளில் துப்பாக்கியோடு ஓர் இளைஞன். கீழே எழுத்தில் பெயர் ஓடியது: ஸ்வான் பியே. ராணுவத்துக்கு எதிராக ஏன் சண்டைக்குப் போனேன் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூக்கும் தாடையும் அப்படியே ஊ சோ பைங்.

“இளைச்சுட்டான்” என்றார் அந்த அம்மா. கண்ணீர் தனக்காவில் இரண்டு கோடு இழுத்தது. “என்ன சாப்பிடுறானோ.”

அதிகாரி இடுப்புத் தடியைக் கழற்றிச் சோபாவில் போட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தடியின் நுனியில் என் ரத்தம் காய்ந்திருந்தது.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பையனின் முகம் பேச்சுக்கு நடுவே அணைந்தது.

“வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா, மிச்ச ஏழும் இருக்காது. ஓடு” என்றார், முகத்திலிருந்து கையை எடுக்காமலே.

எழுந்தேன். அந்த அம்மா டிவி ஸ்விட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதை அணைச்சிடட்டுமா, தம்பி?”

பன்னிரண்டுக்குச் சாப்பாடு. ஒரு மணிக்குப் பெரிய ஆபீசர் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார்.

என் கையைப் பார்த்தேன்.

“வேண்டாம் அக்கா. அப்படியே இருக்கட்டும்.”

அவர் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே படகுத்துறை. ஒரு மணிக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு டீக்கடையில் இருந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி முனகிச் சுழன்றது. தெரு முழுக்க, எப்போதும் போல, “வந்தாச்சு, வந்தாச்சு” என்று கத்தினார்கள்.

விரல்கள் வீங்கிக் கட்டு இறுகியிருந்தது. பல்லால் முடிச்சை இழுத்துத் தளர்த்தினேன்.

இங்கே பள்ளிப் பிள்ளைகள் கட்டும் லுங்கியின் பச்சை. ஓரத்தில் வெள்ளை நூலால், கோணல்மாணலாக, கையால் தைத்த எழுத்து.

ஸ்வான் பியே. ஐந்தாம் வகுப்பு.